மறிக்காத இடத்தில் இறங்கிய மாமா

கல்லடி, மட்டக்களப்பு

அன்பு மகள் விதுர்ஷாவுக்கு,

இங்கே அப்பாவும் நானும் நல்ல சுகம். வாவிக்காற்று வீட்டுக்குள் வரும் நேரம் பார்த்து அப்பா யன்னலைச் சாத்துவதைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, போதுமான நித்திரை கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுதலாம், வீடியோவில் நீ காட்டுவது முகத்தை மட்டும்தானே.

நீ கேட்டதற்கு வருகிறேன். தோழியின் தகப்பனுடைய பண்ணையில் காட்டுப்பன்றி பயிரை உழக்குகிறது, அதைச் சுட விக்டோரியாவிலிருந்து நியூ சவுத் வேல்ஸுக்கு உன்னுடைய துவக்கோடு போகப்போகிறாய், நான் வேண்டாம் என்றால் போகமாட்டாய் என்று எழுதியிருந்தாய். தீபாவளி வெடிக்குக் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போன பிள்ளை துவக்குக்கு லைசன்ஸ் எடுத்ததையே நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. இரண்டு மாநிலத்துச் சட்டத்தையும் அனுப்பியிருந்தாய், வாசித்தேன். ஆனால் உன்னை வழியில் மறிக்கிறவனும் அதை வாசித்திருப்பான் என்று யார் சொன்னது? அதனால் வேண்டாம் என்று எழுதத்தான் இருந்தேன். அதற்குள் கிரானிலிருந்து நல்லரத்தினம் மாமா வந்து நின்றார்.

பயிர்க்காவலுக்கு லைசன்ஸ் எடுத்த அவருடைய ஒற்றைக்குழல் துவக்கு உனக்குத் தெரியும்தானே. மகள் தக்ஷாயினி கலியாணம் முடித்துப் போன முத்துக்கல்லிலும் அவர்களுடைய வயல் வட்டையில் பன்றி இறங்கிவிட்டதாம், மருமகனிடம் துவக்கு இல்லை, தான் போய்க் காவல் இருந்து கொடுக்க வேண்டுமாம். ஆனால் லைசன்ஸ் மட்டக்களப்பு மாவட்டத்துக்கு, முத்துக்கல்லோ பொலன்னறுவை மாவட்டம். மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்கு நடந்து நடந்து அனுமதி எடுத்துவிட்டார். கார் ஓட்டவும், பேராதனையில் படித்த சிங்களத்தைப் பேசவும் நான் வேண்டுமாம். துவக்கின் குழலைக் கழற்றி உரப்பையில் சுற்றிக் காரின் பின்பக்கம் வைத்துப் பூட்டினோம். தோட்டாக்களை வேறாக, சாப்பாட்டுப் பார்சலோடு தன் மடியில் வைத்திருந்தார்.

எல்லைக்குக் கிட்ட, முன்பு சோதனைச்சாவடி இருந்த வளைவு ஞாபகமா? பஸ்ஸில் போனால் இன்றைக்கும் மாமா அந்த இடத்தில் எழுந்து நின்றுவிடுவார் என்று தக்ஷாயினி சொல்லிச் சிரிப்பாள். இப்போது அங்கே ஒரு பொலிஸ் கூடாரம் மட்டும்தான். வாசலில் ஒரு பொடியன் பொலிஸ் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான், எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. திடீரென்று மாமா, தங்கச்சி காரை நிப்பாட்டு கா, என்றார். ஒன்றுக்கு ஒதுங்கத்தானாக்கும் என்று நிறுத்தினேன். இறங்கி, சேர்ட்டை நேராக்கி, அடையாள அட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ரோட்டோரமாக மெல்ல மெல்ல நடந்தார். யுத்த காலத்தில் பஸ்ஸிலிருந்து இறக்கி எங்களை நடக்கவிடுவார்களே, அதே நடை. போய் நின்று, ஐயா காருக்க துவக்கு இரிக்கி, என்றார். சிங்களத்திலும் துவக்குக்கு ஏறக்குறைய அதே சொல்தான். பொடியனுக்கு மற்றது ஒன்றும் விளங்கவில்லை, அது நன்றாக விளங்கிற்று. போன் நிலத்தில் விழுந்தது. நான் பேப்பர்களோடு ஓடினேன், பேராதனைச் சிங்களத்தில் ஐயா என்பதற்கு மாத்தயா என்ற ஒரு சொல்தான் வாயில் வந்தது. பாதி தின்ற பணிஸோடு சார்ஜன்ட் வெளியே வந்து, எல்லாம் வாசித்து, காரின் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு, உங்களை யார் மறித்தது என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். பிறகு ஏன் இறங்கினார் என்றார். மாமாவிடம் கேட்டேன். மறிச்சா பேப்பரைக் காட்டலாம், மறிக்காம உட்டாத்தான் எனக்குப் பயம், சொல்லு கா அவருக்கு, என்றார். அதைத் தட்டுத்தடுமாறிச் சிங்களத்தில் சொன்னேன். சிரிக்க வாயைத் திறந்த சார்ஜன்ட் சிரிக்காமல், தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றார்.

முத்துக்கல்லில் நின்ற நாளெல்லாம் ஒரு பன்றி தலைகாட்டவில்லை. பன்றிக்கும் கச்சேரியில் அனுமதி எடுத்திருக்கணும் அப்பா, என்று தக்ஷாயினி நக்கலடித்தாள். என்ட துவக்கு வந்தது தெரிஞ்சு ஓடிற்று கா, என்று மாமாவுக்குப் பெருமை. தோட்டா எல்லாம் போனபடியே திரும்பியது.

வரும்போது அதே வளைவு. மாமாவின் கை கதவுப் பிடிக்குப் போய்விட்டது. சார்ஜன்ட் கதிரையில் இருந்தபடியே எங்களைக் கண்டு, போங்கள் போங்கள் என்று கையைக் காட்டினார். மாமா பிடியை விட்டார். கண்ணாடியை இறக்கித் தானும் கையைக் காட்டினார். அந்த இடத்தை அவர் இருந்தபடி கடந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

ஆகவே போய் வா மகள். துவக்கையும் தோட்டாவையும் வேறு வேறாகப் பூட்டி வை, லைசன்ஸை எட்டும் இடத்தில் வை, களைத்தால் தோழி ஓட்டட்டும். பன்றி வந்ததோ ஓடிற்றோ, மாமாவுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல், காத்திருக்கிறார். மறித்தால் கேட்டதைக் காட்டு. மறிக்காவிட்டால் காரை விட்டு இறங்காதே, இருந்தபடியே எல்லையைக் கடந்து போ.

மாமாங்கப் பிள்ளையார் துணை இருப்பார் என்று அப்பா எழுதச் சொல்கிறார், எழுதிவிட்டேன்.

என்றும் உன் நன்மையை நினைக்கும்
அம்மா