நான்கு தாய் மீன்களுக்குப் பப்பாளி இலைச் சாறு

அகாங்,

அசந்து தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. அக்காவுக்குப் பிரசவ நேரம். காலை பஸ்ஸில் தாசிக்மலாயா போகிறேன். வெள்ளிக்கிழமை வருவேன். சோறு கூடையில் இருக்கிறது. சோயா டெம்பே பொரித்திருக்கிறேன். மீன் சமைக்கவில்லை.

நேற்றுக் குளத்துக் குராமி மீன் எல்லாம் செத்து மிதந்தபோது, "உன் இலை வைத்தியந்தான்டி கொன்னுடுச்சு" என்று கத்தினீர்கள். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஆனால் கொன்றது சாறு அல்ல. நீங்கள் மீன்பேனுக்காகப் பப்பாளி இலையை இடித்து, வடிகட்டாமல் சக்கையோடு கொட்டிவிட்டீர்கள். சக்கை அழுகும்போது தண்ணீரில் மீன் மூச்சுவிடுகிற காற்றையெல்லாம் தின்றுவிடும். விடிவதற்குள் ஒன்றும் மிஞ்சாது.

சிமென்ட் தொட்டியில் தாய் மீன் நான்கு மிச்சம். அவற்றின் மேலும் மீன்பேன் ஏறிவிட்டது. அவையும் போனால் குஞ்சுக்கு வழியில்லை, இன்றே செய்ய வேண்டும். பெரிய நீல வாளி நிறையத் தண்ணீர், அதில் சாறு ஒரு தம்ளர். ஒவ்வொரு மீனாகக் கால் மணி நேரம் விடுங்கள். கசப்புப் பட்டதும் பேனின் பிடி தளர்ந்து உதிரும். காற்று மோட்டார் ஓடட்டும்.

சாறு அடுப்படியில், மூடிய சட்டியில். இரண்டு முறை துணியில் வடித்துவிட்டேன்.

யாயா

பக்கத்துக் குளத்து ஓஜோ வலை கேட்டு வருவார். "என்னப்பா, மீனுக்குக் கஷாயம் வச்சியாமே?" என்பார். வலையைக் கொடுத்து அனுப்புங்கள், போதும்.

நானே செய்துவிட்டுப் போயிருக்கலாம், நேரம் இருந்தது. செய்திருந்தால் நேற்றைய பயத்தில் நீங்கள் இனித் தொட்டிப் பக்கமே வரமாட்டீர்கள்.