பார்சல் பின்னல்

1936 ஜூன் 9, செவ்வாய்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, கும்பிட்டுக் கேட்கிறேன், யாருக்கும் காட்டாதீர்கள். சாமான் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். அம்மாவுக்கு மார்பில் புற்று. ஆபரேஷன் செய்து வலது மார்பை எடுத்துவிட்டார்கள். என்னிடம் ‘கட்டி’ என்று மட்டும்தான் சொன்னார்கள். ஆனால் அப்பா அழுதது எனக்குக் கேட்டது.

ஜூன் 10

அம்மா வலது கையை விலாவோடு ஒட்டியே வைத்திருக்கிறாள். தூக்கினால் காயம் பிரிந்துவிடும் என்று பயம். எனக்கும்தான். அதனால் அப்பா எனக்குத் தலை பின்னினார். அவர் தபாலாபீஸில் பார்சல் கட்டுகிறவர். பின்னலையும் அப்படியே இறுக்கி முடிச்சுப் போட்டார். பள்ளியில் மௌரீன் என்னைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “ஏண்டி டோரதி, ஸ்டாம்ப் எங்க?” என்றாள்.

ஜூன் 12

கட்டு மாற்ற அல்போன்சா நர்சம்மா வந்தார். காயம் ஆறிவிட்டதாம். ஆனால் கையை இப்படியே வைத்திருந்தால் தோள் இறுகி, பிறகு தூக்கவே வராதாம். வீங்கக்கூடாது என்று வலது கை வளையல்களையும் கழற்றிவைத்தார். இப்போது இடது கையில் மட்டும்தான் வளையல். அப்புறம் என் பின்னலைப் பார்த்தார்.

“இது யாரு வேலை?”

அப்பா கூரையைப் பார்த்தார்.

“பியாட்ரிஸ், இனிமே பொண்ணுக்கு நீதான் தலை வாரணும். வலது கையால. அதுதான் உனக்கு மருந்து.”

அம்மா நாற்காலியில், நான் தரையில். கை பழகப் பழக நான் முக்காலிக்கு ஏற வேண்டும், கடைசியில் நிற்க வேண்டும்.

ஜூன் 13

சீப்பு பாதியில் நின்றது. அம்மா “ஐயோ” என்றாள். நான் ஓடிவந்துவிட்டேன். காயம் பிரிஞ்சிருந்தா? என் முடியால அம்மா செத்துப்போனா? கத்தரிக்கோலை எடுத்து வைத்திருக்கிறேன். முடியே இல்லாவிட்டால் வார வேண்டியதில்லையே.

ஜூன் 15

நர்சம்மா கத்தரிக்கோலைப் பிடுங்கிவிட்டார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் — புற்று என்று தெரியும் என்பதையும். அம்மா தானே முந்தானையை விலக்கிக் காட்டினாள். ஒரு நீளச் சிவப்புக் கோடு. எங்கேயும் திறக்கவில்லை.

“இழுக்கும். பிரியாது. ரெண்டும் வேற,” என்றார் நர்சம்மா.

ஜூன் 22

முக்காலிக்கு ஏறிவிட்டேன். வலிக்கும்போது அம்மா ஜெபமாலை சொல்கிறாள். நடுநடுவே “தலைய ஆட்டாதடி”. மாதாவுக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

ஜூலை 3

நின்றேன். வகிடு கோணல். மௌரீன் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவுக்குத்தான் வருத்தம், தன் முடிச்சு இரண்டு நாள் தாங்குமாம்.

ஜூலை 11, சனி

புற்று திரும்பி வருமா என்று இன்று கேட்டேவிட்டேன். நர்சம்மா பொய் சொல்லவில்லை. “தெரியாது. மாசாமாசம் பாத்துக்கிட்டே இருப்போம்,” என்றார். தொத்தாது என்று காட்டுவதுபோல, அம்மாவின் டம்ளரில் மிச்சமிருந்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

நாளை அம்மா பூசைக்கு வருகிறாள், ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக. முக்காட்டை அவளே போட்டுக்கொள்வாளா? கை அவ்வளவு உயரம் போகுமா?

கதவைத் தட்டுகிறார்கள். மேல் தாழ்ப்பாள் பக்கமாக. அவ்வளவு உயரத்தில் அப்பாதான் தட்டுவார். ஆனால் அப்பாவின் குறட்டை கேட்டுக்கொண்டிருக்கிறது. வளையல் சத்தமும் இல்லை. அப்படியானால் வலது கை—