கிரைண்டர் மேல் விழுந்த பழி

மர்பி டவுன்,
பெங்களூர் - 8.
12-7-1998

அன்பு மருமகள் விஜிக்கு,

மர்பி டவுன் மின்சார மகாராஜா, பல்பு குல திலகம், உன் வீட்டுக்காரன் முகேஷுக்குத் தாய்மாமன் சின்னப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். கோலாரில் நீயும் உன் அப்பாவும் சுகமா? நான் சொல்லப்போகும் கதையை ஈரேழு உலகத்திலும் ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்துவிட்டுத் தொடங்குகிறேன்.

நீ கோபித்துக்கொண்டு போனதும் உன் கிரைண்டரைக் கோணியில் சுற்றிப் பரண்மேல் ஏற்றினேன். நீ மாவரைத்தபோதெல்லாம் போன ஃப்யூஸ், இனி நூறு வருஷத்துக்குப் போகாது என்று தெருவுக்கே அறிவித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை முகேஷ் சமையலறை ப்ளக்கில் இஸ்திரிப் பெட்டியைச் சொருகினான். அவ்வளவுதான். அல்சூர் ஏரி கொதித்து, மீனெல்லாம் குழம்பாகவே கரையேறியது. எம்.ஜி. ரோடு சிக்னலில் மூன்று கலரும் ஒன்றாக எரிந்தது. ஃப்யூஸ் போன சத்தத்தில் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் நின்ற ரயில் பின்னோக்கி ஓடியது.

உன் மாமியார், என் அக்கா காந்தா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: ஏண்டா, கிரைண்டர்தான் பரண்மேல தூங்குதே, இப்ப கரண்ட்ட எவன்டா தின்னான் என்று.

மெயினை அணைத்துவிட்டு, ப்ளக்குக்கு மேலே நான் சுற்றியிருந்த டேப்பைத் தொட்டேன். விரல் பொசுங்கியது. டேப் உருகி, இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. உனக்குத் தெரியாது, உங்கள் கல்யாணத்துக்கு முன்னால் சமையலறைக்கு லைன் இழுத்தது நான்தான். பாதி வழியில் செம்பு ஒயர் தீர்ந்துபோனது. மிச்சத்துக்குப் பழைய அலுமினிய ஒயரை அதோடு முறுக்கி, டேப் சுற்றி, கற்பூரமும் காட்டினேன்.

அலுமினியத்துக்கு ஒரு குணம் உண்டம்மா. காற்று பட்டதும் மேலே தோல் கட்டிக்கொள்ளும். அந்தத் தோல் கரண்ட்டை லேசில் விடாது. நாளாக ஆக முறுக்கும் தளரும். கரண்ட் அங்கே நெரிபட்டுப் போகும், அந்த இடம் சூடாகும். கிரைண்டருக்குப் போய்ச் சேர்ந்தது அரை வயிற்றுக் கஞ்சி. கல்லைச் சுற்ற முடியாமல் மோட்டார் உறுமியது, திணறித் திணறி இன்னும் இழுத்தது, ஃப்யூஸ் போனது. பல்பு மங்கியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். என் தோல் அலுமினியத்தின் தோலைவிடத் தடிப்பு.

அந்தக் கிரைண்டரைக் கோலாரிலிருந்து ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தவர் உன் அப்பா ஜெயவேலு. அன்றைக்கு உன்னைப் பார்க்க வந்த அந்த மனுஷனிடம், அக்கம்பக்கத்தார் இருக்கும்போதே, டூப்ளிகேட் சரக்கை உங்க தலையில கட்டிட்டாங்க சம்பந்தி, இது மாவு அரைக்கல, கரண்ட்டைத்தான் அரைக்குது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே காபி டம்ளரைக் குடிக்காமல் கீழே வைத்தார். நீ உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாய். நீங்கள் இரண்டு பேரும் போன பிறகும் அந்த டம்ளர் நிறைந்தபடி அங்கேயே இருந்தது. அதை எடுத்துக் கொட்ட எனக்குக் கை வரவில்லை.

இப்போது அலுமினியத்தை வேரோடு பிடுங்கிவிட்டேன். போர்டிலிருந்து ப்ளக் வரை ஒரே செம்பு, நடுவில் ஒட்டுப்போடவே இல்லை. அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கிரைண்டரை இறக்கச் சொல்லி, முந்தானையால் துடைத்து, பழைய இடத்திலேயே வைத்தாள். அரிசி ஊறப்போடவில்லை, விஜி வந்து போடட்டும் என்கிறாள்.

வரும் ஞாயிறு முகேஷ் உன்னைக் கூப்பிட வருகிறான். அவனோடு நானும் வருகிறேன். உன் அப்பா உள்ளே வா என்றால் வருவேன். இல்லையென்றால் உங்கள் தெருவிலேயே நின்று, தப்பு என் மேல்தான் என்று நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட்டுத் திரும்புவேன். நாலு பேர் முன்னால்தானே நான் அவரைச் சிறுமைப்படுத்தினேன்.

ஏரி கொதித்தது பொய். சிக்னல் பொய், ரயிலும் பொய். மின்சார மகாராஜா என்பது எல்லாவற்றிலும் பெரிய பொய். நான் அளந்ததையெல்லாம் அடித்துவிடம்மா. நிஜம் என்று இத்துனூண்டு மிஞ்சும்: உன் அப்பா வாங்கிக் கொடுத்தது நல்ல கிரைண்டர்.

அந்த ஒரு வரியை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டு. நீ நன்றாக இருக்கணும் தாயே.

இப்படிக்கு,
சின்னப்பா