முத்துசாமி மச்சானின் தோடம்பழம்

மே 4, ஞாயிறு
விடியலிலிருந்து மழை. கோகிலா வந்து என் எழுத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். தங்கச்சி பேத்தி. எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள். 25ஆம் தேதி அவளுக்குப் பரிசம். எழுபத்திரண்டு வயதில் நான் எழுதுகிறேன்! இவ்வளவு எழுத ஒரு மணி நேரம்.

பிறகு தகரப் பெட்டியைத் திறந்தேன். குவைத்துக்கு வேலைக்குப் போன பெண்டாட்டி, இருபது வருடத்துக்கு முன் யாரையோ பிடித்து எழுத வைத்த கடிதம். அப்போது லயத்து வீடுகளுக்கு வரும் கடிதம் எல்லாம் வாசிப்பவன் முத்துசாமி மச்சான், தங்கச்சி புருஷன். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் உரக்க வாசித்து எல்லாரையும் சிரிக்க வைத்தான். "அவளுக்கு வருத்தம், நோவுன்னு ஒண்ணும் எழுதலயா?" என்று கேட்டேன். "எழுத்துல இருக்கிறதத்தான் வாசிக்க முடியும்" என்றான். இரண்டு மாதத்தில் சவப்பெட்டியில் வந்தாள்.

இன்று நானே வாசித்தேன். அவன் வாசிக்காத கடைசி வரி: நெஞ்சு வலி தாங்க முடியவில்லை, என்னைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.
நாலு தரம் வாசித்தேன். நாலாம் தரம் ஓர் எழுத்தும் தட்டாமல்.

மே 6, செவ்வாய்
வெயில். மச்சான் வந்தான். கண்ணில் புரை, எழுத்துத் தெரியவில்லை. வீட்டில் சொல்லக் கூச்சம். கையில் விவசாய அதிகாரி மாத்தயா கொடுத்த காகிதம்: பறித்த ஆரஞ்சுத் தோடம்பழத்தைக் கெடாமல் வைப்பது. தன் மரத்துப் பழம்தான் பரிசத் தட்டில் என்று சம்பந்தியிடம் வாய் விட்டிருக்கிறான்.
"என்ன மச்சான், கைநாட்டு பண்டிதராயிட்டீங்களாம். வாசிங்க பாப்பம்."

காகிதத்தில் இருந்தது: காம்போடு வெட்டவும். கழுவக் கூடாது. அடிபட்டதை ஒதுக்கவும். காகிதத்தில் சுற்றிக் காற்றுப் படும்படி வைக்கவும்.
நான் வாசித்தது: மரத்தை உலுக்கவும். நன்றாகக் கழுவவும். ஈரத்தோடு பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டவும். 'பரிசத்தன்று வரை' என்று வாயில் வந்ததை விழுங்கி, 'எடுக்கும் நாள் வரை திறக்கக் கூடாது' என்றேன்.
"ஈரத்தோடயா? அழுகாதா?"
"எழுத்துல இருக்கிறதத்தான் வாசிக்க முடியும் மச்சான்."
தலையாட்டிவிட்டுப் போனான். நான் சொன்னது தன் பழைய பேச்சு என்று அவனுக்கு நினைவில்லை.

மே 14, புதன்
மழை. வாங்க வேண்டியது: தேத்தூள், பென்சில், கருவாடு.
தங்கச்சி வந்தாள். "அண்ணே, பழம் வச்ச காம்பராவுல ஒரே வாடை. பையத் திறந்து பாக்கவா?"
"பழுக்கிற வாடை. திறந்தா கெட்டுடும்."
சிரிப்பை அடக்க இருமினேன். கசாயம் போட்டுக் கொடுத்தாள், பாவம். நல்ல தூக்கம்.

மே 25, ஞாயிறு
பரிசம். மழை இல்லை. சம்பந்தி வீட்டார் பார்க்கவேண்டும் என்றே மச்சான் அவர்கள் முன்னால் பைகளை அவிழ்த்தான். பச்சைப் பூஞ்சணம். அழுகல் தண்ணீர் ஜமுக்காளம் வரை ஓடியது.
மாப்பிள்ளையின் அத்தை, மூக்கைப் பொத்தி: "பழத்தையே வச்சுக்கத் தெரியல. பொண்ண எப்படி வளத்தாங்களோ!"
மச்சானின் முகம்! இருபது வருடம் அந்தக் கடைசி வரியை மறைத்து வைத்த முகம்.
"காகிதத்துல இருந்தபடிதான் செஞ்சேன்" என்று மடியிலிருந்து எடுத்து நீட்டினான். கோகிலா வாங்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பட்டுச் சேலையோடு நடந்து வந்து காகிதத்தை என் கையில் வைத்தாள்.
"தாத்தா, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி வாசிங்க."

மாற்றி வாசித்திருக்கலாம். ஆனால் எழுத்துக் கொடுத்தவள் எதிரில் நிற்கிறாள்.
வாசித்தேன். 'கழுவக் கூடாது' வந்தபோது மச்சான் சுவரைப் பிடித்தான். தங்கச்சி அழுதாள். கோகிலாவின் கண் காகிதத்தை விட்டு நகரவில்லை.
ஓர் எழுத்துத் தட்டவில்லை. ஒரு வரியும் விடவில்லை.