எல்லோரும் கம்பத்தைப் பார்த்தார்கள்

மார்ச் 4

லேத் பட்டறை முதலாளி அவர்களுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலம் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன், வேறு வழி? போன் அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கிறது. தப்பித்தவறி எடுத்தாலும் "சரி, சரி" என்று வைத்துவிடுகிறீர்கள். பேச்சுப்போட்டியில் முதல் பரிசு வாங்கியதைச் சொல்லக் குட்டி போன வாரம் ஆசையாகக் கூப்பிட்டாள். அதற்கும் "சரி சரி, சாப்பிட்டியா?" தானா? "அப்பாவுக்கு என்னைப் பிடிக்கலையாம்மா?" என்று கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்ல? மூன்று வருஷமாக எனக்கே விளங்காத விஷயம் அது.

இப்போது எழுதுவது ஆபீஸ் காரியம். கரையோரத்து ஏழு ஊர்களுக்கும் சேர்த்து ஒரே எச்சரிக்கை ஏற்பாடு திட்டமிடுகிறோம். தெருவுக்கு ஒரு கம்பம், கடல் பொங்கினாலும் மலை சரிந்தாலும் அதே கம்பத்திலிருந்துதான் சங்கு ஊதும். நீளமாக ஊதினால் கடல். மேலே பள்ளிக்கூடத்துக்கு ஏற வேண்டும். விட்டு விட்டு ஊதினால் மலை. கீழே சந்தைத் திடலுக்கு இறங்க வேண்டும். நிலநடுக்கத்துக்கு எப்படி ஊதுவது என்று எங்கள் கூட்டத்தில் இன்னும் அடிதடி.

தெருவுக்கு ஒருவர் கேட்டு எழுதி அனுப்ப வேண்டும். உங்கள் லேத் சத்தத்தைத் தாண்டிக் கேட்டால் ஊருக்கே கேட்கும் என்று உங்களைச் சொல்லிவிட்டேன். அடுத்த இரண்டு வியாழக்கிழமையும் மாலையில் ஊதுவார்கள். எந்தச் சத்தம் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டோம், நீங்கள்தான் எழுத வேண்டும். உங்கள் சொல்லை நம்பித்தான் அந்தத் தெருவுக்குக் கையெழுத்துப் போடுவேன்.

இந்த வேலை முடிந்ததும் நம் விஷயத்தையும் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். இழுத்துக்கொண்டே போவதில் யாருக்கு என்ன லாபம்?

இப்படிக்கு,
குட்டியின் அம்மா

மார்ச் 16

ஆபீசர் அம்மா அவர்களின் சமுகத்துக்கு,

கட்டிய மனைவியே எனக்குச் சங்கு ஊத ஏற்பாடு செய்கிறாள் என்று சலூன்காரரிடம் சொன்னேன். சிரி சிரி என்று சிரித்தார். நீ சொன்ன வேலையைச் சிரத்தையாகச் செய்திருக்கிறேன்.

முதல் வியாழன் நீளமாக ஊதியது. ஜனங்கள் எல்லோரும் படியேறி மேலே போனார்கள், சலூன்காரர் பாதி மழித்த தாடியோடு ஓர் ஆளை இழுத்துக்கொண்டு போனார். இரண்டாம் வியாழன் விட்டு விட்டு ஊதியது. எல்லோரும் வெளியே வந்து கம்பத்தைப் பார்த்தார்கள், பிறகு கும்பலாகக் கீழே இறங்கினார்கள். நானும் இறங்கினேன். சத்தம் பிரமாதம், காது ஜவ்வு கிழிந்துவிட்டது. தைரியமாகக் கையெழுத்துப் போடு.

ஒன்றுதான் புரியவில்லை. மலையும் கடலும் ஒரே நாளில் வந்தால் நான் எங்கே ஓடுவது? வீட்டுக்கு மேலே அது, கீழே இது. நீ போனதிலிருந்தே நான் நடுவில்தான் நிற்கிறேன், அது வேறு.

முடிவு என்று எழுதியிருக்கிறாய். என்ன முடிவு என்று எழுதவில்லை.

இப்படிக்கு,
பட்டறைக்காரன்

மார்ச் 21

குட்டியின் அப்பாவுக்கு,

இரண்டாம் வியாழன் உங்கள் தெருக் கம்பம் ஊதவே இல்லை. எலி வயரைக் கடித்திருந்ததாம். சங்கு ஏன் ஊதவில்லை என்று பார்க்கத்தான் எல்லோரும் சந்தைத் திடலோரக் கம்பத்தடிக்கு இறங்கியிருக்கிறார்கள். ஊதாத சங்கு உங்களுக்கு மட்டும் விட்டு விட்டு ஊதியதா?

கூட்டத்தில் உங்கள் கடிதத்தை எடுத்து நீட்டினேன். மின்சாரக்காரர் என் முகத்தைப் பார்த்து, "மேடம், வயரே அறுந்து கிடந்துச்சு. அப்புறம் எப்படிங்க ஊதும்?" என்றார். தலை நிமிர முடியவில்லை. கையெழுத்துப் போட்டிருந்தால்? நிஜமாகவே ஒருநாள் கடல் வந்து, கம்பம் ஊமையாக நின்றிருந்தால்?

என்மேல் கோபமிருந்தால் என்னைத் திட்டுங்கள். என் வேலையை ஏன் கேலி செய்கிறீர்கள்? யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம். நீங்கள் பொய் சொல்லும் ஆள் இல்லை. அதனால்தான் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. இனி நீங்கள் சிரமப்பட வேண்டாம், சலூன்காரரைக் கேட்டுக்கொள்கிறோம்.

குட்டியின் அம்மா

மார்ச் 27

குட்டியின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு லேத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். சத்தியமாகக் கேலி செய்யவில்லை. எல்லோரும் கம்பத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எல்லோரும் இறங்கினார்கள். ஊதாமல் ஏன் இறங்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். இதில் என் தப்பு எது என்று தெரியவில்லை.

நீ மட்டுமில்லை, இங்கே எல்லோருக்கும் என்மேல் கோபம். நேற்று சலூன்காரர் பின்னால் ஓடிவந்து சட்டையைப் பிடித்து நிறுத்தி, என் முகத்துக்கு நேராக நின்று, "ஏன்ணே, கூப்பிடக் கூப்பிடப் போய்க்கிட்டே இருக்கீங்க? நான் என்ன பண்ணினேன்?" என்றார். அவர் எப்போது கூப்பிட்டார்? இப்போதெல்லாம் ஜனங்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். போனில் நீயும் அப்படித்தான்.

குட்டி பேச்சுப்போட்டியில் என்ன பேசினாள்? அவளையே எழுதி அனுப்பச் சொல். எழுதினால் எனக்கு நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
நான்

ஏப்ரல் 2

அன்புள்ள உங்களுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. உங்கள் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஏறினார்கள், இறங்கினார்கள், பார்த்தார்கள். கண்ணால் கண்டதை ஒன்று விடாமல் எழுதியிருக்கிறீர்கள். படித்து முடித்ததும் அடுப்பை அணைக்க மறந்து அப்படியே நின்றேன்.

எப்போதிலிருந்து? லேத்தா காரணம்? டாக்டரிடம் காட்டினீர்களா? ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொல்ல உங்களுக்கே தெரியவில்லையா?

நான் கத்துவேன், நீங்கள் பாட்டுக்கு இரும்பைக் கடைந்துகொண்டிருப்பீர்கள். என்னை மதிக்கவில்லை என்று பெட்டியைக் கட்டினேன். அப்போது என் வார்த்தை எதுவும் உங்களை எட்டவே இல்லையென்றால், நான் யாரோடு சண்டை போட்டேன்? எதை விட்டு வந்தேன்? உங்கள்மேல் கோபமாக வருகிறது, அதைவிட அதிகமாக என்மேல் வருகிறது. அழுகையும் வருகிறது. எதை முதலில் செய்வது என்று தெரியாமல் ஆபீசுக்குப் போனேன்.

சங்கை மட்டும் நம்பித் திட்டம் போடக்கூடாது, ஒவ்வொரு கம்பத்திலும் விளக்கும் வேண்டும் என்றேன். ஏறுவதற்குச் சிவப்பு, இறங்குவதற்கு மஞ்சள். காது கேட்காதவர் வீட்டுக்குள்ளேயும் ஒன்று. அதோடு தோளைத் தட்டிக் கூட்டிப்போக ஓர் ஆள். பெரிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒரே ஒருத்தருக்காக ஏழு ஊர்த் திட்டத்தையும் மாத்தணுமாம்மா?" என்றார். "தெருவுக்கு ஒருத்தராவது இருப்பாங்க சார். அவங்க யாரும் வெளியே சொல்றதில்ல" என்றேன். கழற்றிய கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "என் அண்ணனும் அப்படித்தான்" என்றார். திட்டம் மாறிவிட்டது.

உங்கள் தோளைத் தட்டுவது யார் என்று எழுதுங்கள். சலூன்காரர் சம்மதம் என்கிறார். குட்டி பேசியது தனித்தாளில் இருக்கிறது, அவள் கையாலேயே எழுதியது.

உங்கள்,
குட்டியின் அம்மா

ஏப்ரல் 14

அன்புள்ள உனக்கு,

பட்டறையில் விளக்கு மாட்டியாகிவிட்டது. போன வியாழன் மஞ்சளாகச் சுற்றியது. லேத்தை நிறுத்திவிட்டு, யாரையும் பார்க்காமல் நானாகவே கீழே இறங்கினேன். டாக்டரையும் பார்த்தேன். இடது காது போய்விட்டது, வலதில் கொஞ்சம் மிச்சம் என்று தாளில் எழுதிக் காட்டினார். எனக்குத் தெரியும் போலவும் இருந்தது, தெரியாது போலவும் இருந்தது. உன்னிடம் சொன்னால் பரிதாபத்துக்காக இருந்துவிடுவாயோ என்று பயந்தேன். சொல்லாததால் நீ போயேவிட்டாய். இதில் எது புத்திசாலித்தனம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

குட்டி எழுதியதைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எழுத்து அப்படியே உன்னுடையது, கோணல் உள்பட.

தோளைத் தட்டும் ஆள் விஷயம். சலூன்காரர் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். முரட்டுக் கை, தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. வேறு யார் பெயரும் எனக்குத் தோன்றவில்லை. ஆபீஸ் படிவத்தில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன், நீ நேரில் வந்து எழுது.

வந்தால் வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்காதே. எனக்குக் கேட்காது. திறந்துதான் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பட்டறைக்காரன்