மத்தியானத்தில் திறக்காத அலமாரி

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

போன வாரம் போனில், அத்தை அந்த இடைவெளியைப் பூசினால் பூசிக்கட்டும், இனிமேல் நான் வீடே வரையப் போவதில்லை என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டு டக்கென்று வைத்துவிட்டாய். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நீ வரைந்த முதல் கட்டடம், நாலு மாடிச் செங்கல் வீடு, நம் குடும்பமே அதில்தான் குடியிருக்கிறது. நீளச் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரலளவு இடம் விட்டு, மெத்தென்று எதையோ வைத்து அடைக்கச் சொன்னாய். வெயிலில் சுவர் விரியும், நாம் இடம் விடாவிட்டால் அதுவே பிளந்து இடம் தேடிக்கொள்ளும் என்றாய். எங்களுக்குப் புரிந்தது. இரண்டாம் மாடியில் உன் அத்தைக்கு மட்டும் அது தன் ஹாலில் விழுந்த விரிசல். படித்த பெண் என் சுவரைத்தானா கிழிக்கணும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரே புலம்பல். திங்கட்கிழமை கொத்தனார் வந்து சிமென்ட் வைத்து அடைப்பதாக ஏற்பாடு. தங்கை முன்னால் உன் அப்பா வாயைத் திறப்பாரா, நன்றாகத் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

இதற்கு நடுவில் அலமாரிக் கூத்து. விரிசலை மறைக்கிறேன் என்று அதன் மேலேயே ஒரு பெரிய அலமாரியை நிறுத்தியிருந்தாள். அது காலையில் திறக்கும், உச்சி வெயிலில் அடம்பிடிக்கும், சாயங்காலம் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி திறந்துகொள்ளும். தச்சர் கதவை இழைத்தார், மறுபடி இழைத்தார், இன்னும் இழைத்தால் கதவே மிஞ்சாதம்மா என்று கும்பிடு போட்டுவிட்டார். உன் மாமாதான் ஏதோ செய்கிறார் என்று புருஷன்மேல் அத்தைக்குச் சந்தேகம் வேறு, பாவம், நெற்றியில் ஏற்றி வைத்த கண்ணாடியை வீடெல்லாம் தேடுகிற மனுஷர். ஞாயிறு மத்தியானம் நானே போய்ப் பார்த்தேன். இடைவெளிக்கு இந்தப் பக்கமும் ஸ்க்ரூ, அந்தப் பக்கமும் ஸ்க்ரூ, அலமாரியைச் சுவரோடு இறுக்கி முடுக்கியிருக்கிறாள். வெயிலில் இரண்டு பக்கமும் நெருங்கினால் நடுவில் மாட்டியது கோணாமல் என்ன செய்யும்? தச்சரைக் கூப்பிட்டு ஒரு பக்கத்தைக் கழற்றச் சொன்னேன். கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது. அத்தை திறந்தாள், மூடினாள், திரும்பத் திறந்தாள். அப்புறம் மெதுவாக, அலமாரிக்கே இந்தக் கதி என்றால் சிமென்ட் வைத்திருந்தால் என் சுவர் என்ன ஆகியிருக்கும் அண்ணி என்றாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை, அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். கொத்தனாரை அவளே கூப்பிட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

நீ அழுததை நான் அவளிடம் சொல்லவில்லை. நீயும் மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதே, தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி கண் விழிக்காதே. நீ எடுத்த காரியமெல்லாம் நிமிர்ந்து நிற்கணும், மகராசியாக இரு. ஒன்று மறந்துவிட்டேன், அத்தை மகன் வீடு கட்டப் போகிறானாம், நீதான் வரைந்து தரணுமாம். உன்னிடம் கேட்க அவளுக்கு வெட்கமாம், என்னைக் கேட்டுச் சொல்லச் சொன்னாள். நான் உன்னைக் கேட்கவில்லை, வரைவாள் என்று சொல்லிவிட்டேன்.

உன்
அம்மா