தடைக்காலத்தில் கடலுக்குப் போன அப்பா

அக்கா,

காலையில் மாநகராட்சி ஆட்கள் வந்து நம் சந்து முழுக்கப் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். நேற்று பெய்த மழையில் சாக்கடை வழிந்துவிட்டது. அந்த நெடி மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. பூ, ஊதுபத்தி என்று ஏதாவது நல்ல வாசனையில் நீ வந்திருக்கலாம். என்ன செய்வது, எனக்கு நீ பிளீச்சிங் பவுடரில்தான் வருகிறாய். கேட்டால் நீயே சிரிப்பாய்.

கொரோனா வந்த அந்தக் கோடையில் இந்தச் சந்தின் வாயைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். ராயபுரம் என்று சொன்னாலே ஊரே பத்தடி தள்ளி நின்ற நேரம். விசைப்படகு ஓட்டும் என் வீட்டுக்காரரை ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனபோது ஜெனி தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை. எழுந்ததும் அப்பா எங்கே என்பாளே என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவள் எழுந்து வந்து கேட்டதும் என் கொழுந்தன் முந்திக்கொண்டார். "அப்பா ஆழ்கடலுக்குப் போயிகீறாரு கண்ணு, வர நாளாவும்."

ஜெனி மாடிக்கு ஓடினாள். காசிமேட்டில் வரிசையாகக் கட்டிப்போட்ட படகுகள் அங்கிருந்தே தெரியும். இறங்கி வந்து கேட்டாள்: "தடைக்காலத்துல எந்த போட்டு சித்தப்பா கடலுக்குப் போவுது?"

மீன்கள் முட்டையிடும் அந்த மாதங்களில் ஒரு விசைப்படகும் வெளியே போகாது என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கடலிலேயே பாதி ஆயுசைக் கழித்த மனிதர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார். வேறு நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அன்றிலிருந்து அவள் பேசவில்லை. இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றால் அப்பா செத்துப்போயிருக்க வேண்டும் என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். சோறு இறங்கவில்லை. அப்பாவின் லுங்கியைச் சுருட்டி அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். போனில் அவர் குரலையாவது கேட்க வைக்கலாம் என்றால், ஆக்சிஜன் வைத்திருந்ததால் அவரால் பேச முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அவரும் வீட்டில் பிள்ளையும் கையைவிட்டுப் போய்விடுவார்களோ என்று நான் நடுங்கிப்போயிருந்தேன்.

அப்போதுதான் எதிர்வீட்டிலிருந்து நீ வந்தாய். கருவாட்டுக் கூடையை ஓரம்கட்டிவிட்டு, வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்க்கும் வேலையில் சேர்ந்திருந்தாய். செருப்பெல்லாம் பிளீச்சிங் பவுடர். நடந்ததைச் சொன்னதும் என்னையும் கொழுந்தனையும் வாங்கு வாங்கென்று வாங்கினாய். "இன்னாமே, கொயந்தைன்னா ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறீங்களா?"

பிறகு முகக்கவசத்தோடு தெருவிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து ஜெனியை வாசலுக்குக் கூப்பிட்டாய்.

"உங்கப்பாவுக்கு கொரோனா வந்துகீது கண்ணு. மூச்சு வுட கஷ்டமா கீது. அதான் ஆஸ்பத்திரில வெச்சிகினு கீறாங்க."

"செத்துப்பூடுவாரா?"

நீ அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியல கண்ணு. இப்ப உயிரோட கீறாரு. என் தங்கச்சி அந்த வார்டுலதான் கூட்டுது, காலைல பாத்துட்டு சொல்லிச்சு. தெனம் கேட்டுகினு வரேன். நல்லதோ கெட்டதோ, மொதல்ல உனுக்குதான் சொல்வேன்."

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். "நான் அப்பாவ ஐஸ் வாங்கியாரச் சொன்னேன். அதாலயா வந்துச்சு?"

அந்தச் சின்ன நெஞ்சுக்குள் இவ்வளவு நாளும் இது கிடந்திருக்கிறது. பெற்ற எனக்குத் தெரியவில்லை. "ஐஸால வராது. நீ ஒண்ணுமே பண்ணல" என்றாய். பிள்ளை வெடித்து அழுதாள். ஓடிவந்த என்னைக் கையைக் காட்டி நிறுத்தினாய். அழுது முடித்ததும் ரசம் சோறு கேட்டாள்.

அதன் பிறகு தினமும் உன் சேதி அவளுக்குத்தான். இன்றைக்கு எழுந்து உட்கார்ந்தார், கஞ்சி குடித்தார் என்பாய். சேதி இல்லாத நாளில் சேதி இல்லை என்பாய். அதற்கும் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டாள். தாடியும் எலும்புமாக அவர் வீட்டுக்கு வந்து நின்றபோது, "மாஸ்க்க ஒயுங்கா போடுப்பா" என்றுதான் வரவேற்றாள்.

போன மாதம் மாரடைப்பில் நீ போய்விட்டாய். அடக்கம் முடியும்வரை உன் தம்பி மகளை அவள் சித்தி வீட்டில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவளிடம், அத்தை வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறது என்று உன் தம்பி சொன்னார். எட்டாவது படிக்கும் ஜெனி அவளை மடியில் உட்காரவைத்து, "அத்தை செத்துட்டாங்க பாப்பா. இனிமே வரமாட்டாங்க" என்றாள். குழந்தை போட்ட கூச்சலில் சந்தே திரும்பிப் பார்த்தது. உன் தம்பி கோபமாக ஓடிவந்தார்.

"அழுவட்டும் மாமா. நம்மகிட்டதானே அழுவுது" என்றாள் ஜெனி.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரும் அழுதார், நானும் அழுதேன்.

இப்போது பாப்பா கேள்வி கேட்பதெல்லாம் எங்கள் வாசலில்தான். தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததைத் தெரியாது என்கிறேன். நீ விட்டுப்போனதில் நான் எடுத்துக்கொண்டது அதுதான். அத்தைக்கு அங்கே கருவாடு கிடைக்குமா என்று நேற்று கேட்டாள். தெரியாது பாப்பா என்றேன். "கெடைக்கலன்னா அத்தை சண்ட போட்டு வாங்கிக்கும்" என்று சொல்லிவிட்டு, இன்னும் சோறு கேட்டுத் தட்டை என் பக்கம் நீட்டினாள்.